குளத்தோர வீட்டில் ஒரு வாரம்: இங்கிலாந்தில் முதன்முறை தூண்டில் போடுகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விடுமுறையில் நீங்கள் பிடிக்கும் மீன் குழம்புக்கு வராது. சால்மன், டிரௌட் வகைகளை விட்டுவிட்டு மற்ற நன்னீர் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதைத்தான் இங்கே கோர்ஸ் ஃபிஷிங் என்கிறார்கள். கெண்டை இனமான கார்ப், டெஞ்ச், பிரீம், ரோச், அப்புறம் பெர்ச் எல்லாம் இதில் வரும். விடுதிக் குளங்களில் பிடித்த மீனைத் திருப்பி விடுவதுதான் வழக்கம். "அப்ப எதுக்கு அதைப் பிடிக்கணும்?" என்று என் மாமியார் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் நாள் தூண்டிலைக் கையிலிருந்து வாங்க முடியாமல் போனது அவரிடம்தான். அவசரமாக அவர் பெயரிலும் ஒரு லைசென்ஸ் எடுத்தோம்.

படி 1: லைசென்ஸ்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயது முதல், நன்னீரில் தூண்டில் போடுகிற ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். 13 முதல் 16 வயது வரை அது இலவசம்தான், ஆனாலும் எடுத்தாக வேண்டும். ஒரு நாள், 8 நாள், 12 மாதம் என்று மூன்று வகை உண்டு. ஒரு வார விடுமுறைக்கு 8 நாள் லைசென்ஸ் போதும். அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

பலர் குழம்புவது இங்கேதான். விடுதிக்காரர் "மீன்பிடி இலவசம்" என்று சொன்னால், அது அவருடைய குளத்துக்கான அனுமதி மட்டுமே. லைசென்ஸ் தனி.

படி 2: வீடும் நாளும்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன், சோமர்செட் பக்கம் பழைய பண்ணைக் கொட்டகைகளை வீடாக்கி, கூடவே ஒரு குளமும் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த வகை மீன்களுக்குத் தூண்டில் போடக்கூடாது. ஜூன் 16-தான் திறப்பு. பெரும்பாலான குளங்களுக்கு இந்தத் தடை இல்லை. நான் ஜூன் கடைசியைச் சொல்வேன். காலை 5 மணிக்கே வெளிச்சம், இரவு 9.30 வரை இருட்டாது.

பதிவு செய்யும் முன் போனில் கேளுங்கள்: குளம் தங்குகிறவர்களுக்கு மட்டுமா, வெளியாட்களும் வருவார்களா? சிறு பிள்ளைகள் இருந்தால், வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலி இருக்கிறதா? தூண்டில் வாடகைக்குக் கிடைக்குமா? எந்த இரைக்குத் தடை?

படி 3: அடுக்களை

சமையல் நம் பொறுப்பு. கிராமக் கடை சாயங்காலமே மூடிவிடும், கறிவேப்பிலையெல்லாம் அங்கே கிடைக்காது. அரிசி, பருப்பு, மசாலாவோடு மீன் குழம்புக்கான மீனையும் வரும் வழியில் வாங்கிவிடுங்கள். சில வீடுகளில் ஆகா என்று ஒரு பெரிய இரும்பு அடுப்பு இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய வகையில் தீயைக் கூட்டிக் குறைக்க முடியாது, சட்டியைத்தான் சூடான தட்டிலிருந்து மிதமான தட்டுக்கு மாற்ற வேண்டும். மிளகாய் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும்.

படி 4: சாமான்

12 அடித் தூண்டில் கம்பு, சின்ன ரீல், 4 பவுண்டு எடை தாங்கும் நரம்பு, 16-ம் எண் முள், சில மிதவைத் தக்கைகள், கை வலை, முள் கழற்றும் குச்சி, மீனைக் கிடத்த ஒரு மெத்தை விரிப்பு. முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறிதாகும். எதிர்முள் (மீன் கழன்றுவிடாமல் பின்நோக்கி நிற்கும் சின்னக் கூர்) இல்லாத முள்ளையே பெரும்பாலான குளங்களில் கேட்பார்கள்.

இரைக்கு டின் சோளமே போதும். புழு வாங்கினால் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நான் வைத்தேன், மூடி சரியாக மூடவில்லை. அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

படி 5: ஆழம் பார்த்தல்

புதியவர்கள் தவிர்ப்பதும் இதைத்தான், மீன் கிடைக்காமல் போவதும் இதனால்தான். அடியில் கார்க் துண்டு பதித்த, ஆழம் பார்க்கும் ஈயக் குண்டு கடையில் கிடைக்கும். அந்தத் துண்டில் முள்ளைக் குத்தி, நீங்கள் மீன் பிடிக்கப்போகும் அதே இடத்தில் இறக்குங்கள். தக்கை முழுகிப்போனால் நரம்பு போதவில்லை. தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரிந்தால் இரை தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். டெஞ்சும் பிரீமும் மேய்வது அங்கேதான்.

குளத்தின் நடுவுக்கு வீச வேண்டியதில்லை. நாணல் ஓரம், அல்லி இலை ஓரம் என்று இரண்டு கம்பு தூரத்திலேயே கார்ப் சுற்றும். விடிகாலையில் பொடிப்பொடியாகக் குமிழி கொப்பளித்தால் அது டெஞ்ச் தரையைக் கிளறுவதாக இருக்கலாம்.

வீசியதும் கம்பு நுனியைத் தண்ணீருக்குள் அழுத்தி, ரீலை இரண்டு சுற்று சுற்றுங்கள். நரம்பு அமிழ்ந்துவிட்டால் காற்று தக்கையை இழுக்காது. பிறகு சில நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்தாறு சோளம் தக்கையைச் சுற்றித் தூவுங்கள். ஒரேயடியாக டின்னைக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும்.

படி 6: கடித்த பிறகு

தக்கை நடுங்கும்போது இழுக்காதீர்கள். முங்கியதும் கம்பை ஒரு பக்கமாகச் சட்டென்று உயர்த்துங்கள், வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். பெரிய மீன் ஓடினால் நரம்பு வெளியேறும்படி ரீலின் இறுக்கத்தை முன்பே தளர்த்தி வைத்திருக்க வேண்டும். வலையால் மீனைத் துரத்தக்கூடாது; வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு, அதன் மேல் மீனைக் கொண்டு வாருங்கள்.

கையையும் விரிப்பையும் நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்து, நோய் தொற்றும். போட்டோ வேண்டுமானால் மண்டியிட்டு, விரிப்புக்கு மேலேயே பிடித்து எடுங்கள். பிறகு வலையிலேயே தண்ணீருக்குள் இறக்கி, அதுவாக நீந்தும் வரை பிடித்திருங்கள்.

சாப்பிடக் கூப்பிட்டால் தூண்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது, அது சட்டப்படி குற்றம். சுருட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

கிளம்பும் நாள்

பல வீடுகளில் காலை 10 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள், அதனால் கடைசி நாள் காலையில் தூண்டில் வேண்டாம். வலையை முந்தைய இரவே கழுவிக் காயப் போடுங்கள். ஈர வலை ஒரு குளத்து நோயை இன்னொரு குளத்துக்குக் கொண்டு போகும். அறுந்த நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக்கூடாது, வாத்துகளின் காலில் சுற்றிக்கொள்ளும். காரை எடுக்கும் முன் ஃப்ரிட்ஜையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.