போப் படத்தைக் காட்டி, பொய்ப் படத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள்
வீட்டில் பிள்ளைகள் இருந்தால், 2023 மார்ச்சில் உலகம் முழுக்கச் சுற்றிய அந்தப் படத்தைப் போனில் எடுத்துக் காட்டுங்கள்: போப் பிரான்சிஸ் உப்பலான வெள்ளைக் குளிர் ஜாக்கெட்டில் (பஃபர் ஜாக்கெட்) இருப்பார், மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் செய்தது, பெரியவர்களே ஏமாந்தார்கள். பொய் என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். பெரிதாக்கி அவர்களையே தேடவிடுங்கள். கப்பைப் பிடித்த விரல்கள் குழம்பிக் கிடக்கும், சிலுவைச் சங்கிலி ஒரு பக்கம்தான் தெரியும். கண்டுபிடித்ததும் பிள்ளைகள் முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே! அப்புறம், இப்போது வரும் படங்களில் விரல்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன, அதனால் முதலில் யார் போட்டது, வேறு எந்தச் செய்தியில் வந்தது என்று கேட்கவும், படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடவும் சேர்த்தே பழக்குங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தாராளமாக வரும்.