இலவச ஆன்லைன் வகுப்புச் செயலிகள்: கடைசிப் பெஞ்சு செல்லில் சோதித்துத் தேர்வது எப்படி?

பாளையங்கோட்டையில் ஃபைபர் இணைப்போடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் எல்லாச் செயலியும் நல்ல செயலிதான். களக்காட்டுக்கு மேற்கே மலையடி ஊரில், செம்பில் சாய்த்து வைத்த பழைய செல்லில், ராத்திரி ஏழரை மணிக்கு அதே வகுப்பைத் திறந்தால்தான் எது தாங்கும், எது "கட்டாயிட்டு சார்" என்று முடியும் என்பது தெரியும். டியூஷன் எடுப்பவர்கள், புதிதாக ஆன்லைன் வகுப்பு தொடங்கும் ஆசிரியர்கள் எல்லாரும் அந்தச் செல்லை வைத்தே செயலியைத் தேர்வு செய்வது நல்லது. ஜிமெயில் கணக்கு தொடங்குவது, செயலி இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: வேலையைப் பிரியுங்கள்

நேரலையில் பாடம் நடத்துவது, அறிவிப்பு சொல்வது, வீட்டுப்பாடம் வாங்குவது, பிள்ளைகள் சேர்ந்து எழுதுவது ஆகியவை நான்கு தனி வேலைகள். நான்கையும் ஒரே செயலியில் முடிக்கப் பார்த்தால் எல்லாம் அரைகுறையாக நிற்கும். வேலைக்கு ஒன்று என்று நான்கு செயலி இறக்கச் சொன்னாலோ செல்லில் இடம் இருக்காது. மூன்றுக்கு மேல் போகாதீர்கள். அந்த மூன்றில் ஒன்று ஏற்கெனவே எல்லார் செல்லிலும் இருக்கும் வாட்ஸ்அப்.

படி 2: வீட்டுக்கு வீடு மூன்று கேள்வி

செல் யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், வீட்டுக்குள் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கும். இதை கூகுள் ஃபார்மில் கேட்காதீர்கள். நெட் நன்றாக இருப்பவர்கள் மட்டும்தான் பதில் போடுவார்கள். போன் போட்டுக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். செல் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற வீடு பாதிக்கு மேல் இருந்தால், பகல் நேரலை எந்தச் செயலியிலும் பலிக்காது. அங்கே பதிவு செய்த பாடம்தான் வழி. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே செல் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இலவச எல்லை எங்கே முடிகிறது?

ஜூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடம், 100 பேர். கூகுள் மீட்டில் மூன்று பேர் சேர்ந்துவிட்டால் 60 நிமிடம், 100 பேர். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இலவசப் பதிப்பும் 60 நிமிடம், 100 பேர்தான். ஜிட்சி மீட் திறமூலச் செயலி, அதாவது அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அதன் பொதுத் தளத்தில் அறையைத் திறக்கும் ஆசிரியர் கூகுள், ஃபேஸ்புக் போன்ற ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்கு தேவையில்லை.

பதிவு செய்ய வேண்டுமானால் ஜூம் இலவசக் கணக்கில் கணினியிலிருந்து நடத்தும்போது அந்தக் கணினியிலேயே சேமிக்கலாம், செல்லிலிருந்து நடத்தினால் முடியாது. மீட் இலவசக் கணக்கில் பதிவே கிடையாது. பதிவான பாடத்தை யூடியூபில் 'பட்டியலிடாதது' என்று ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பலாம். போன் எண்ணைச் சரிபார்க்கும்வரை 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை யூடியூப் ஏற்காது. அந்த வேலையை முதல் வகுப்புக்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

பழைய பட்டியல்களைப் பார்த்து கூகுளின் வெண்பலகைச் செயலியான ஜாம்போர்டையோ வீடியோ அழைப்புக்கான ஸ்கைப்பையோ தேடி அலைய வேண்டாம். ஜாம்போர்டை 2024 கடைசியில் மூடிவிட்டார்கள், ஸ்கைப் 2025 மே மாதத்தோடு முடிந்தது.

படி 4: இருபது நிமிடச் சோதனை

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நோட்டில் இருக்கும் செல்களில் ஆகப் பழையது எதுவோ, அதே ரகத்தில் ஒன்றை இரவல் வாங்குங்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் வையுங்கள். செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அதில் அந்தச் செயலி, அதற்குள் மொபைல் டேட்டா. அங்கே காட்டும் எண்ணையும் பேட்டரி சதவீதத்தையும் குறியுங்கள். இருபது நிமிடம் வகுப்பு நடத்திவிட்டு மறுபடி பாருங்கள். டேட்டா வித்தியாசத்தை மூன்றால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு.

இதை மூன்று தடவை செய்யுங்கள்: உங்கள் முகம் தெரியும்படி ஒன்று, ஸ்லைடு மட்டும் பகிர்ந்து ஒன்று, வெறும் குரலில் ஒன்று. முகம் ஓயாமல் அசைவதால் டேட்டாவைக் குடிக்கும். அசையாத ஸ்லைடில் மாறுவது ஒன்றுமில்லை, அதனால் மிகக் குறைவு. அதே ஸ்லைடு பகிர்வுக்குள் ஒரு வீடியோவை ஓட்டினால் டேட்டா ஏறும், படமும் தத்தித் தத்தி வரும். வீடியோவை இணைப்பாக அனுப்பி வகுப்புக்குப் பிறகு பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் முகம் காட்டி வணக்கம் சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துவிடுவதே என் கட்சி.

கணக்கு எப்படி வரும் என்றால், இருபது நிமிடத்தில் 150 எம்பி போனால் மணிக்கு 450 எம்பி. நாளுக்கு இரண்டு வகுப்பு என்றால் 900 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் போட்ட வீட்டில் மிச்சம் 600 எம்பிதான். அண்ணன் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினால் அதுவும் போச்சு. அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் வீடியோ நகராது.

அடுத்தது காது. சோதனைச் செல்லில் கேட்பவரைச் சொல்வதெழுத வையுங்கள்: வலி, வளி, வழி, பனி, பணி, அறுபது, எழுபது என்று இந்த மாதிரிப் பத்துச் சொல். பத்துச் சொல்லில் இரண்டுக்கு மேல் தப்பினால் அந்தச் செயலியில் அந்த நேரத்தில் ஒலி சரியில்லை. ஆனால் ஒன்று, நம் பக்கம் பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகிவிடும். அந்தக் குற்றத்தைச் செயலி தலையில் கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் கண். ஆறு அங்குலத் திரையில் 12 புள்ளி எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஸ்லைடில் 28 புள்ளிக்குக் குறையாமல், ஆறு வரிக்கு மிகாமல் வையுங்கள்.

படி 5: வருகைப் பதிவில் அப்பா பெயர்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. மீட் செயலியில் தெரிவது செல்லில் இருக்கும் கூகுள் கணக்கின் பெயர். செல் அப்பாவுடையது, கணக்கும் அப்பாவுடையது. நீங்கள் ஏழாம் வகுப்புக்கு வருகை எடுக்கும்போது திரையில் வரிசையாக நாற்பது வயதுக்காரர்கள் நிற்பார்கள். கடையில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தால் பெயரே வேறு யாருடையதோவாக இருக்கும். நுழையும்போது மீட்டில் பெயரை மாற்ற முடியாது. ஜூமில் சேரும்போதே பெயர் அடிக்கலாம், உள்ளே வந்தபின்னும் மாற்றலாம். சின்ன வகுப்புகளுக்கு ஜூமோ ஜிட்சியோ மேல் என்று சொல்வதற்கு இந்த ஒன்றே போதும். "7அ 14 முத்துச்செல்வி" என்று வகுப்பு, வரிசை எண், பெயர் அடிக்கச் சொல்லுங்கள். இந்த வடிவில் இல்லாத பெயர் காத்திருப்பு அறையில் நின்றால் உள்ளே விடாதீர்கள்.

13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டுமானால் பெற்றோர் கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாகத்தான் தொடங்க வேண்டும். வயதைக் கூட்டிப் போடும் குறுக்கு வழியைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

படி 6: பாமினியில் அடித்த வினாத்தாள்

பழைய வினாத்தாள்கள் பலவும் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. வேர்டு கோப்பாக அனுப்பினால் செல்லில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரியும். படிக்க மட்டும் என்றால், அந்த எழுத்துரு இருக்கும் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும். பிள்ளைகள் அதில் சேர்ந்து எழுத வேண்டுமானால் பிடிஎஃப் உதவாது, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துமாற்றி ஒன்றால், எந்தச் செல்லிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றியபின் இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களைப் பாருங்கள். அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றி அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமாக்கியிருக்கும். வினாத்தாளில் இந்த இடங்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

படி 7: சேர்ந்து எழுத

கூகுள் டாக்ஸில் முப்பது பிள்ளைகளை ஒரே பக்கத்தில் இறக்கினால் சந்தைக்கடைதான். கூகுள் ஸ்லைட்ஸில் ஆளுக்கொரு ஸ்லைடு, மேலே வரிசை எண் என்று கொடுங்கள். யாராவது மொத்தத்தையும் அழித்துவிட்டால் பதற வேண்டாம். கணினியில் ஃபைல், வெர்ஷன் ஹிஸ்டரி போய் முந்தைய நேரத்துக்குத் திருப்பிவிடலாம். தட்டச்சு வராத பிள்ளை ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் எழுத்தாகிவிடும். கணக்கு தொடங்காமலே படம் வரைந்து காட்ட எக்ஸ்காலிட்ரா என்ற வலைத்தளம் போதும்.

படி 8: போன் எண் வெளியே போகாமல்

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகள் வீட்டில் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயம்தான். வாட்ஸ்அப் கம்யூனிட்டி தொடங்கி அதன் அறிவிப்புக் குழுவை மட்டும் பயன்படுத்துங்கள். அங்கே நிர்வாகிகள்தான் செய்தி போட முடியும், உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. வீட்டுப்பாடப் படங்களை உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 9: மதிப்பெண்

டேட்டா, ஒலி, பெயர், கணக்குத் தேவை, எண் மறைப்பு என்று ஐந்து கட்டம் போட்டு, கட்டத்துக்கு 0 முதல் 2 வரை கொடுங்கள். கூட்டிப் பார்க்காதீர்கள். டேட்டாவிலோ ஒலியிலோ 0 வாங்கிய செயலி மற்றதில் எல்லாம் 2 வாங்கினாலும் வேண்டாம்.

பிறகு சேர்த்தது

சோதனையில் நன்றாக ஓடிய செயலி, மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில் மட்டும் காலை வாரிவிடுகிறது என்றால், அது செயலியின் கோளாறு இல்லாமலும் இருக்கலாம். டவரின் பேட்டரி இறங்கினால் சிக்னலே தளர்ந்துவிடும். மின்தடை அறிவிப்பு முந்தின நாள் செய்தித்தாளில் வரும். அந்த நாளுக்கு நேரலை வைக்காமல், பாடத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவாக முந்தின ராத்திரியே அறிவிப்புக் குழுவில் போட்டு, "இப்பவே இறக்கி வையுங்க, செல்லுக்கும் சார்ஜ் போடுங்க" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.