டச் பேயில விடியக்காலை எச்டிஆர் படம்: புதுசா தொடங்குற ஆக்களுக்கு

எச்டிஆர் எண்டா ஒரே காட்சியை வேற வேற வெளிச்ச அளவில எடுத்து ஒரு படமாச் சேக்கிறது. திருகோணமலை டச் பேயில நான் முதன்முதலா செய்த எச்டிஆர் படத்தை சித்திக்குக் காட்டினன், "இது சலூன்ல தொங்குற காலண்டரோடா" எண்டு கேட்டா. வானம் ஊதா, மணல் மஞ்சள், சுவாமி மலையைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம், மலைக்கு மேல இருக்கிற கோணேசர் கோயில் என்னமோ பிளாஸ்டிக்கில செஞ்ச மாதிரி. எனக்கு அப்ப விளங்கேல்ல, இப்ப விளங்குது: நிழலுக்குள்ள கிடக்கிற எல்லாத்தையும் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுட்டன், படத்தில பாக்கிறதுக்கு எண்டு ஒண்டுமே மிஞ்சேல்ல.

அதால சொப்ட்வேருக்கு முதல் இடத்தைப் பாப்பம். டச் பே கரையில கிழக்க பாத்து நிண்டா கோயில் மலை இடப்பக்கம் வரும், சூரியன் வலப்பக்கம் கடலுக்குள்ளால எழும்பும். ஜூன் மாசம் சூரியன் வடக்க தள்ளி மலைக்குக் கிட்ட வரும், டிசம்பர்ல நல்லா தெற்க போயிடும், அப்ப ரெண்டையும் ஒரே படத்துக்குள்ள அடக்கப் பாத்தா நடுவில வெறுங்கடல்தான் கிடக்கும். அந்த மாசத்தில சூரியனை விட்டுட்டு மலையில விழுற வெளிச்சத்தை எடுங்க, அதுதான் வடிவு.

ஐஞ்சேகால் போல போயிடுங்க. கமராவை பையில இருந்து எடுக்காம ஒரு பத்து நிமிஷம் சும்மா நடந்து பாருங்க, கரையில இழுத்து விட்ட வள்ளம் இருக்கா, அதிண்ட கயிறு எந்தப் பக்கம் ஓடுது, ஈர மணல்ல வானம் எங்க தெரியுது எண்டு. முன்னுக்கு ஒரு பொருள் இல்லாட்டி அது கடலும் வானமும் மட்டும்தான், அதை எச்டிஆர் காப்பாத்தாது. கயிறு மலைப் பக்கம் போற மாதிரி நிண்டுகொண்டு ட்ரைபொட்டை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்க. அடிவானத்தை சரியா நடுவில வைக்காதீங்க, வானம் நல்லா இருந்தா கீழ, மணல் நல்லா இருந்தா மேல. மலையை பிரேம்ட ஓரத்தில முட்ட விடாதீங்க, இடப்பக்கம் கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும்.

ஈர மணல்ல ட்ரைபொட் கால் மெல்ல மெல்லத் தாழும், ஒவ்வொரு அலையும் திரும்பேக்க அடியில இருந்து மணலைக் கொண்டுபோகும், மூண்டு படமும் மூண்டு கோணத்தில வந்ததுக்கு நான் கமராவைத்தான் ஏசினன். காலை நல்லா ஆழமா அமத்திக் குத்திட்டு ஒரு அலை போகும்வரை நிண்டு பாத்துட்டு எடுங்க.

செட்டிங் சிக்கல் இல்லை. ரா போர்மட் (கமரா மாத்தாம வைக்கிற மூலப் படம்), ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 8 இல்லாட்டி 11, அந்தத் துவாரத்தை நீங்க வைக்க ஷட்டரை கமரா பாத்துக்கொள்ளுற அப்பேச்சர் மோட். ஒருக்கா போகஸ் பண்ணிட்டு மெனுவலுக்கு மாத்திடுங்க, ட்ரைபொட்ல வச்சா ஸ்டெபிலைசரை நிப்பாட்டுங்க, 2 செக்கன் டைமர் போடுங்க. பிராக்கெட்டிங்ல (ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டிக் குறைச்சு எடுக்கிறது) மூண்டு படம், 2 ஸ்டொப் இடைவெளி, ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் இரட்டிப்பு இல்லாட்டி பாதி: நடுப்படம் செக்கன்ல 60ல ஒரு பங்கு எண்டா மற்றது 250ல ஒண்டு, 15ல ஒண்டு. மாறவேண்டியது ஷட்டர் மட்டும், அப்பேச்சர் மாறக்கூடாது. எடுத்த உடன ஹிஸ்டோகிராமைப் பாருங்க, அது இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமுமா காட்டுற வரைபடம், இருட்டுப் படத்தில வலப்பக்கம் முட்டக்கூடாது, வெளிச்சப் படத்தில இடப்பக்கம் முட்டக்கூடாது, அவ்வளவுதான். சூரியன் வெளிய வந்த பிறகு மூண்டு காணாது, அஞ்சு எடுங்க. உப்புக்காத்துக்கு லென்ஸைத் துடைச்சுக்கொண்டே இருக்கோணும்.

லைட்ரூம் கிளாசிக்ல மூண்டையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் எச் அமத்துங்க, மூண்டும் ஒண்டாச் சேரும். அலையும் ஆடுற வள்ளமும் மூண்டு படத்திலயும் வேற வேற இடத்தில இருக்கும், சேர்த்தா பேய் மாதிரி ரெட்டையாத் தெரியும், அதை எடுக்கத்தான் டீகோஸ்ட், முதல்ல லோ போட்டுப் பாருங்க, காணாட்டி மட்டும் மீடியம், எடுத்த உடன ஹைக்குப் போனா அந்த இடத்தில நொய்ஸ் தெரியும். பிறகு ஹைலைட்டை நல்லா குறைங்க, ஷடோவை ஒரு 30, 40க்கு மேல தூக்காதீங்க. நான் பாக்கிறது மலைப் பாறையைத்தான்: விடியக்காலை அது கறுப்பாத்தான் இருக்கும், படத்தில சாம்பல் நிறமா மாறினா கூடிப்போச்சு எண்டு அர்த்தம். ஓரங்களை எடுப்பாக் காட்டுற கிளாரிட்டியை முழுப் படத்துக்கும் ஏத்தினா மலைக்கும் வானத்துக்கும் நடுவில அந்த வெள்ளை வளையம் வந்திடும், முன்னுக்கு இருக்கிற மணலுக்கும் வள்ளத்துக்கும் மட்டும் மாஸ்க் போட்டு ஏத்துங்க. சச்சுரேஷனைத் தொடவே வேணாம், ஆசை தாங்காட்டி மங்கல் நிறங்களை மெல்லத் தூக்குற வைப்ரன்ஸ் 10. செஞ்சு முடிச்ச கையோட படத்தை வெளிய போடாதீங்க, கண் அந்த நிறத்துக்குப் பழகிடும், அடுத்த நாள் போன்ல சின்னதாப் பாத்தா பிழை தானா தெரியும்.

கோயிலுக்குப் போற வழியில இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால மேல போய் எடுக்கிற எண்டா, அங்க ஆமி இருக்கு, அவையின்ட பக்கம் கமராவைத் திருப்பாதீங்க. பூசை நேரத்தில சனத்துக்கு நடுவில ட்ரைபொட்டையும் விரிக்காதீங்க.

மழைக்கால முகில் மூடிக் கிடக்கிற நாள்ல இந்தக் கூத்தெல்லாம் தேவையே இல்லை, வெளிச்சம் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒரு ரா படம் காணும்.