அடைத்துக்கொண்ட பழைய மர ஜன்னலைச் சேதமின்றித் திறப்பது எப்படி

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன. பக்கச் சுவர்கள் இரண்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருப்பதால், தெருப்பக்க ஜன்னலும் பின்கட்டு ஜன்னலும் சேர்ந்து திறந்திருந்தால்தான் பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்து வெளியேறும். இவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் வீடு முழுவதும் புழுங்கும். ஆனால் பல வீடுகளில், "அது திறக்காதுங்க" என்று சொல்லி, அந்த ஜன்னலுக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். அரை நாள் பொறுமையாக வேலை செய்தால் திறந்துவிடக்கூடிய தேக்கு ஜன்னல் அப்படிக் கைவிடப்படுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஜன்னல் திறக்கவில்லை என்றதும் மரம் உப்பிவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உடனே ஆசாரியை அழைத்து இழைப்புளி போடச் சொல்கிறார்கள். இது அவசரமான முடிவு. நம் பகுதியில் நான் பார்த்த ஜன்னல்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்திருந்தது பெயிண்ட்தான். பொங்கலுக்குப் பொங்கல் கதவைச் சாத்தியபடியே அதன் மேல் எனாமல் பூசிவிடுவதால், கதவும் சட்டமும் ஒரே தோலாக ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் பின்கட்டு ஜன்னலிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதன் விளிம்பில் பச்சை, நீலம், மறுபடியும் பச்சை, சாம்பல், வெள்ளை, பழுப்பு என்று ஆறு அடுக்குகள் தெரிந்தன. சில்லின் தடிமன் ஒரு தபால் அட்டை அளவு இருந்தது. சட்டத்தின் பக்கமும் அதே அளவு ஏறியிருந்தால், கதவுக்கு ஆசாரி விட்டிருந்த இடைவெளி அதிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

ஆகவே எது எங்கே பிடித்திருக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஒரு தபால் அட்டையையோ கெட்டியான விசிட்டிங் கார்டையோ கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே நுழைத்து, நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். அட்டை எங்கும் நுழையாமல், இடுக்கின் மேல் பெயிண்ட் வழவழப்பாக மூடியிருந்தால் குற்றவாளி பெயிண்ட். நெடுக நுழைந்து தாழ்ப்பாள் அருகே மட்டும் நின்றால், தாழ்ப்பாளைப் பாருங்கள். கீழ் மூலையில் மட்டும் இறுகியிருந்தால் கதவு கீலில் தொய்ந்திருக்கிறது. இரட்டைக் கதவு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில், நடுவில் எந்தக் கதவின் விளிம்பு வெளிப்புறமாக மற்றதன் மேல் படிந்திருக்கிறதோ அதுவே முதலில் திறக்க வேண்டியது. மற்றதை எவ்வளவு தள்ளினாலும் வராது, மூட்டுதான் விட்டுப்போகும்.

பெயிண்டை அறுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப் பக்கம் விடாதீர்கள். முகக்கவசம் அணியுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல், தண்ணீரில் நனைத்தே தேய்த்து, கீழே விரித்த செய்தித்தாளோடு சில்லுகளைச் சுருட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பெயிண்ட் உள்ள மரத்துண்டுகளைப் போகியன்று எரிக்கவே கூடாது.

கூர்மையான கட்டர் கத்தியை இடுக்கின் மேல் நிறுத்தி, முதல் தடவை ஒரு கோடு விழும் அளவுக்கு மட்டும் இழுத்து, அதே கோட்டில் மூன்று நான்கு முறை ஆழப்படுத்த வேண்டும். எடுத்ததுமே அழுத்தினால் கத்தி வழுக்கி மரத்தைக் கீறிவிடும். பிறகு லப்பம் பூசும் மெல்லிய தகட்டை அந்தக் கோட்டில் வைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டி உள்ளே இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போங்கள். முடிந்தால் வெளிப்பக்கமும் இப்படியே அறுக்க வேண்டும். மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். திருப்புளியை நெம்புகோலாக்குவது பெருந்தவறு. தேக்குச் சட்டத்தில் அது விட்டுச்செல்லும் பள்ளம் எளிதில் மறையாது.

நம் ஜன்னல்களில் உட்புறம் இரும்புக் கம்பிகள் இருப்பதால் சுத்தியலை வீச இடமிருக்காது. ஒரு முழ நீளமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டை எடுத்து, முனையில் துணி சுற்றி, கம்பிகளுக்கு நடுவே விட்டுக் கதவின் ஓரக் கட்டையில் அழுத்தி, மறுமுனையில் தட்டுங்கள். கீழ் மூலையில் இரண்டு தட்டு, மேல் மூலையில் இரண்டு தட்டு என்று மாறி மாறித் தட்டும்போது, பெயிண்ட் விடுபடும் இடத்தில் 'டப்' என்று ஒரு வறண்ட ஓசை கேட்கும். அதற்கு முன்பே கண்ணாடியில் குறுக்காக அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். வெளியே கதவு திடீரென்று விரியும் என்பதால், கீழே தெருவில் ஒருவரை நிற்கவைத்து ஆட்களை விலகச் சொல்ல வேண்டும்.

உப்புக்காற்று படும் தெருக்களில் பழைய இரும்புத் தாழ்ப்பாளும் கீலும் துருவேறியிருக்கும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் தாழ்ப்பாளின் குமிழை இழுக்காமல், இடமும் வலமும் திருகி அசைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும். கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் துளையில் அடைந்த மண்ணைக் கம்பியால் கிளறி எடுங்கள்.

கதவு தொய்ந்திருந்தால் மேல் கீலின் திருகாணிகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடினால் அவற்றைக் கழற்றி, துளையில் தீக்குச்சிகளை ஃபெவிக்கால் தடவி நெருக்கமாகச் செருகி, காய்ந்தபின் சற்று நீளமான பித்தளைத் திருகாணியை முடுக்குங்கள்.

இவை எல்லாம் முடிந்தும் கதவு இறுகியிருந்தால்தான் மரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது, குறுக்கேதான் உப்பும். ஆகவே உயரத்தில் அல்ல, அகலத்தில்தான் இறுக்கம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிய கதவை அப்போதே இழைத்துவிட்டால் கோடையில் விரல் நுழையும் சந்து விழுந்துவிடும். மாசி, பங்குனி வரை பொறுங்கள். அப்போதும் உரசினால், கதவின் ஓரத்தில் சாக்கட்டி தடவிச் சாத்தித் திறந்து, சுண்ணம் அழிந்த இடத்தை மட்டும் இழையுங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடினாலோ, சட்டத்தைத் தட்டும்போது கரையான் தின்ற மரம்போல் பொள்ளென்று ஒலித்தாலோ, வேலையை நிறுத்திவிட்டு விவரம் தெரிந்த கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ காட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் தேங்கி நின்ற வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளின் தரைத்தள ஜன்னல்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

திறந்த பிறகு, இழைத்த இடத்துக்கும், குறிப்பாக எவரும் கண்டுகொள்ளாத கதவின் அடி விளிம்புக்கும் பிரைமர் பூசுங்கள். மழைநீர் அதிகம் ஏறுவது அங்கிருந்துதான். உரசும் விளிம்புகளில் பெயிண்ட் காய்ந்தபின் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடலாம். அடுத்த பொங்கலுக்குப் பெயிண்டர் வரும்போது, டப்பாவைத் திறக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: சட்டத்தில் கதவு படியும் பள்ளமான காடியில் ஒரு கை மட்டும் மெல்லிசாக இழுக்க வேண்டும், நன்றாகக் காயும்வரை கதவைக் கொக்கி மாட்டித் திறந்தே வைத்திருக்க வேண்டும்.