சொதப்பலான கேம் ஒன்றைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்: ஸ்கிராட்சில் கேம் டிசைன்

கட்டளைப் பிளாக்குகளை அடுக்கியே கேம் செய்யும் ஸ்கிராட்ச் என்ற கோடிங் மென்பொருளைக் கற்கும் பிள்ளைகள் பலர் பிளாக்குகளை மளமளவென்று அடுக்கிவிடுகிறார்கள். திரையில் ஸ்கிராட்ச் பூனை நடக்கிறது, பேசுகிறது, ஆனால் அந்த கேமை இன்னொரு பிள்ளை ஒரு முறை ஆடிவிட்டு எழுந்து போய்விடுகிறது. காரணம், நாம் கோடிங் மட்டும் சொல்லித் தருகிறோம். எது கஷ்டம், எது நியாயம், எதற்காக ஒருவர் மறுபடி ஆடுவார் என்று யோசிக்க வைப்பது தனி வேலை, எனக்கு அதுதான் முதலில் வர வேண்டியது.

அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் முழுக்க இலவசம், பிரவுசரிலேயே ஓடும், அக்கவுண்ட் இல்லாமலும் செய்து கம்ப்யூட்டரில் சேமித்துக்கொள்ளலாம். 8 வயதுக்கு மேல் சரியாக இருக்கும், அதற்குக் கீழே என்றால் ஸ்கிராட்ச் ஜூனியர் ஆப்.

ஆனால் முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். கேம் டிசைனையே விளையாட்டாகச் சொல்லித் தந்த கேம்ஸ்டார் மெக்கானிக் என்ற ஆன்லைன் கேம், எந்த விளையாட்டையும் ஐந்தாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னது: இடம், அதில் உள்ள பொருள்கள், அவை செய்யும் செயல்கள், இலக்கு, விதிகள். இதை ஆடுபுலி ஆட்டத்தில் வைத்துக் காட்டுங்கள். தரையில் போட்ட கோடுகள் இடம், 3 புலியும் 15 ஆடும் பொருள்கள், தாண்டி வெட்டுவது செயல், புலிகளை நகரவிடாமல் அடைப்பது ஆட்டின் இலக்கு. இப்போது ஆடுகளை 10 ஆகக் குறைத்து ஆடிப் பாருங்கள். ஆடு பக்கம் திணறும். ஒரு எண்ணை மாற்றினால் ஆட்டமே மாறுகிறது என்பது பிள்ளைக்குக் கையாலேயே புரிந்துவிடும்.

அடுத்து, சொதப்பலான கேம் ஒன்றை நீங்களே செய்து வையுங்கள். ஸ்கிராட்சில் ஆப்பிள், கிண்ணம் என்று இரண்டு ஸ்பிரைட் (திரையில் நாம் இயக்கும் உருவம்) போதும். ஆப்பிள் மேலே ஏதோ ஒரு இடத்தில் தோன்றிக் கீழே விழ வேண்டும், அம்புக்குறியை அழுத்தினால் கிண்ணம் நகர வேண்டும், பிடித்தால் ஸ்கோர் ஒன்று கூட வேண்டும். விழும் வேகத்தை, கட்டளைகள் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் -2, அதாவது 2 புள்ளி கீழே, என்று வையுங்கள். ஸ்கிராட்ச் திரையின் உயரம் 360, அகலம் 480, நொடிக்குச் சுமார் 30 சுற்று ஓடும், அதனால் ஆப்பிள் கீழே வர 6 நொடி ஆகும். பிள்ளை ஆடிவிட்டு "போரடிக்குது" என்று சொல்லும். சரி, ஏன் போரடிக்கிறது, எந்த எண்ணை மாற்றலாம் என்று கேட்டுவிட்டு மவுஸைப் பிள்ளையிடமே விடுங்கள்.

பெரும்பாலும் வேகத்தில்தான் கை வைப்பார்கள். -12 என்று வைத்தால் ஆப்பிள் ஒரே நொடியில் கீழே வந்துவிடும், ஆனால் கிண்ணம் சுற்றுக்கு 10 நகர்ந்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக 1.6 நொடி வேண்டும். அதாவது சில ஆப்பிள்களை யாராலும் பிடிக்கவே முடியாது. "இது அநியாயம்" என்று பிள்ளை கத்தும் இடத்தில் அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள், பாடமே அங்கேதான் இருக்கிறது. கிண்ணத்தின் வேகத்தை 16 ஆக்கலாம், அப்போது கேம் பரபரப்பாகும். ஆப்பிள் விழும் எல்லையைச் சுருக்கி x (இடம் வலமான அளவு, திரையின் நடு 0) -120 முதல் 120 வரை மட்டும் வைக்கலாம், அப்போது சுலபமாகும். அல்லது எல்லாவற்றையும் பிடிக்கத் தேவையில்லை, 3 ஆப்பிள் தவறினால்தான் அவுட் என்று விதியை மாற்றலாம், அப்போது எதை விடுவது, எதைத் துரத்துவது என்று ஆடுபவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். மூன்றையும் தனித்தனி காப்பியாக சேமித்து ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், ஏனென்றால் இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் நன்றாக வந்தது என்று பிள்ளைக்கே தெரியாமல் போய்விடும்.

அப்புறம் கேமை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. செய்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், "அந்தப் பட்டனை அழுத்துங்க" என்று வாயைத் திறக்கக் கூடாது. இது அவர்களுக்கு ரொம்பக் கஷ்டம், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆடுபவர் எங்கே தடுமாறினார், எங்கே சிரித்தார், எங்கே கையை எடுத்தார் என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள், அடுத்த திருத்தம் அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

லெவல்கள் செய்ய ஆரம்பித்ததும் இன்னொரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடுபவர்களே லெவல் கட்டும் சூப்பர் மரியோ மேக்கர் 2 கேமில் தான் செய்த லெவலைத் தானே முடித்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்குப் போடவே விடும், வீட்டிலும் அதையே வையுங்கள். முடியவே முடியாத லெவல் கட்டுவதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு ஆசை உண்டு, அதைத் திட்டாமல் அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆன்லைனில் பகிர்வதற்கு அவசரமில்லை. ஷேர் கொடுக்கும் வரை புராஜெக்ட் வெளியே யாருக்கும் தெரியாது. கொடுக்கும்போது யூசர்நேமில் நிஜப் பெயரோ பள்ளிப் பெயரோ வேண்டாம், கமெண்ட்டை அந்தப் புராஜெக்ட்டுக்கு மட்டும் அணைத்தும் வைக்கலாம். பகிர்ந்த பிறகு மற்றவர்கள் ரீமிக்ஸ் செய்தால், அதாவது அதைக் காப்பி எடுத்து மாற்றினால், பிள்ளை "என் கேமைத் திருடிட்டாங்க" என்று வருத்தப்படும், அதனால் ஸ்கிராட்சில் அது சகஜம் என்றும், மூலக் கேம் யாருடையது என்று அங்கே தானாகவே காட்டும் என்றும் முன்பே சொல்லி வையுங்கள்.