அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: கரண்ட் கொடுக்கும் ஒயரிங்கை முதலில் சரிசெய்யுங்கள்

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் பாயிண்டை, அதாவது காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டிவெட்டி ஸ்பார்க் வரவைக்கும் காண்டாக்டை, கழற்றிவிட்டு அதே வேலைக்கு எலக்ட்ரானிக் மாட்யூல் போடுகிறவர்கள் பலர், "கிட் சரியில்லை" என்று ஒரு மாதத்திலேயே பழைய பாயிண்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். என் வண்டியிலும் அப்படித்தான் நடந்தது. சூடானதும் இன்ஜின் திணறி நின்றுவிடும். மாட்யூல் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்ல, இரண்டாவது மாட்யூலும் வாங்கினேன். அதே திணறல். கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலின் பிளஸ்ஸில் 11.6 வோல்ட். இடையில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது.

அதைத் தின்றது சாவி ஸ்விட்சின் தேய்ந்த காண்டாக்டும், ஒயர் முனைகளில் பச்சை பூத்த லக்குகளும். பாயிண்ட் இந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும், மாட்யூல் பொறுக்காது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அதிலும் இரண்டு குறைந்தால் ஸ்பார்க் எங்கிருந்து வரும்?

தீர்வு ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் இழுபட்டு பெரிய கரண்டை இணைத்துவிடும் ஸ்விட்ச். காயிலுக்கும் மாட்யூலுக்கும் வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து புது ஒயரில் நேராக வரட்டும். பழைய சாவி ஒயர் ரிலேயை இழுக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். ரிலேக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை என்பதால், தேய்ந்த ஸ்விட்சுக்கும் அது சுமையில்லை.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு கால் ரிலே ஒன்று, அதற்கான சாக்கெட், மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், 10 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் மூன்று மீட்டர், 1 ஸ்கொயர் எம்.எம். ஒயர் கொஞ்சம், லக், ஸ்லீவ். வீட்டு ஒயரிங்கின் ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். அதிர்வில் முறிந்துவிடும். பல இழை உள்ள ஆட்டோ ஒயரே வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு சோதனை. பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பிளஸ் எர்த்தும் உண்டு. இங்கே நான் சொல்வது மைனஸ் எர்த் வண்டிக்கு மட்டும். அடுத்து, காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு ஓம்ஸ் அளந்து பாருங்கள். 3 ஓம் அருகே வந்தால் நேராக 12 வோல்ட் கொடுக்கலாம். 1.5 ஓம் அருகே வந்தால் அது பல்லாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) வைத்து ஓட்டும் காயில். அப்போது மாட்யூலின் சிவப்பு ஒயர் ரெசிஸ்டருக்கு முன்னால் சேர வேண்டும், காயில் பின்னால் சேர வேண்டும்.

இனி வேலை. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ரிலேயை உள் மட்கார்டில், சைலன்சர் சூடு படாத இடத்தில், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி திருகுங்கள். அப்படி வைத்தால் மழைத் தண்ணீர் சாக்கெட்டில் தேங்காது.

ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று பொறித்திருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 ஒயர் ஃபியூஸ் வழியாக 30-க்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். அதற்கு முந்தைய ஒயர் எங்காவது உரசினால் தடுக்க எதுவும் இல்லை. 85-லிருந்து பாடி எர்த்துக்கு ஒரு ஒயர். பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று தகடு தெரிந்த பிறகே திருகுங்கள்.

காயிலில் சாவி ஒயர் வரும் பிளஸ் பக்கம், பழைய லூகாஸ் காயிலாக இருந்தால் 'எஸ்.டபிள்யூ.' என்று பொறித்திருக்கும். அங்கே வரும் வெள்ளை ஒயரைக் கழற்றி 86-க்குக் கொண்டுபோங்கள். அந்த முனையில் இரண்டு ஒயர் இருந்தால் பிரிக்காமல் சேர்த்தே மாற்றுங்கள். இன்னொன்று வேறு எதற்காவது கரண்ட் கொண்டுபோகும். வண்டி பலர் கைபட்டதாக இருந்தால் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். கடைசியாக 87-லிருந்து 2.5 ஒயரைக் காயில் பிளஸ் வரை இழுங்கள், இணைக்காதீர்கள்.

பேட்டரியை மாட்டி, அந்த முனை எதிலும் படாமல் சாவியைப் போடுங்கள். ரிலே 'டக்' என்று சத்தம் கொடுக்கும், முனையில் பேட்டரி வோல்ட்டேஜ் முழுசாக வரும். செல்ஃப் அடிக்கும்போதும் அது அறுந்துபோகக் கூடாது. ரேடியோவுக்குப் போகும் லைனிலிருந்து சாவி ஒயர் எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், செல்ஃப் அடிக்கும் நேரம் அந்த லைன் பல வண்டிகளில் செத்துவிடும்.

எல்லாம் சரி என்றால் மைனஸை மறுபடி கழற்றிவிட்டு, மாட்யூலின் சிவப்பையும் 87 ஒயரையும் காயில் பிளஸ்ஸில் சேருங்கள் (பல்லாஸ்ட் காயில் என்றால் இரண்டையும் ரெசிஸ்டருக்கு முன்னால்). பல கிட்டுகளில் கறுப்பு ஒயர் எர்த் அல்ல, காயில் மைனஸுக்குப் போவது. கிட்டோடு வரும் தாளைப் படித்துவிட்டே இணையுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும்.

இன்ஜின் ஓடும்போது மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையைக் காயில் பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் நல்ல வேலை. என் வண்டியில் இப்போது 0.2. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், காயிலும் மாட்யூலும் சேர்ந்து சூடேறும்.

ஆல்டர்னேட்டர் போட்ட சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம். சார்ஜ் லைட் வழியாகத் திரும்பி வரும் சின்னக் கரண்ட் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கிறது. சார்ஜ் லைட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் கரண்டை ஒரு பக்கம் மட்டுமே விடும் ஒரு 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும்படி சேர்த்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டிவிடுங்கள். சாவியை எடுத்ததும் இன்ஜின் நின்றுவிடும்.