ஷேர் ஃபோல்டர் திறக்கிறது, சேவ் மட்டும் ஆகவில்லையா?

நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் திறக்கிறது, ஃபைலைப் படிக்கவும் முடிகிறது, சேவ் கொடுத்தால் மட்டும் அனுமதி இல்லை என்கிறதா? அப்படியானால் கேபிள், ஐபி முகவரி, ஃபயர்வால் எதையும் நோண்ட வேண்டாம். ஃபோல்டர் திறந்துவிட்டதே, அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஃபோல்டர் ஒரு விண்டோஸ் கணினியில் இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் அதற்குள் புதிதாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கிப் பாருங்கள். அது உருவாகி, பழைய ஃபைல் ஒன்று மட்டும் அடம்பிடித்தால் சிக்கல் அந்த ஃபைலில்தான். பெரும்பாலும் வேறு யாராவது அதைத் திறந்து வைத்திருப்பார்கள்.

புது ஃபைலும் உருவாகவில்லையா? ஃபோல்டர் இருக்கும் கணினிக்கே போய், ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பூட்டு ஒன்றல்ல, இரண்டு. செக்யூரிட்டி டேபில் இருப்பது ஒன்று. ஷேரிங் டேபில் அட்வான்ஸ்டு ஷேரிங், அதற்குள் பெர்மிஷன்ஸ் என்று போனால் கிடைப்பது இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். செக்யூரிட்டியில் ஃபுல் கன்ட்ரோலே கொடுத்தாலும், ஷேரிங் பக்கம் எவ்ரிஒன் என்ற பெயருக்கு ரீட் மட்டும் டிக் ஆகியிருந்தால் (அட்வான்ஸ்டு ஷேரிங்கில் தானாக அமைவதே அதுதான்) படிக்கத்தான் முடியும். அங்கே உங்கள் பயனர் அல்லது குழுவுக்கு சேஞ்ச், செக்யூரிட்டியில் மாடிஃபை, இவ்வளவு போதும். ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் அனுமதிகளையே மாற்றும் உரிமையும் சேர்ந்து கிடைத்துவிடும், எதற்கு வம்பு?

டினை (மறுப்பு) என்ற கட்டத்தில் எங்காவது டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் இருக்கும் ஏதோ ஒரு குழுவுக்கு அப்படி இருந்தாலும் உங்களையும் சேர்த்தே தடுக்கும். ஜெனரல் டேபில் ரீட்-ஒன்லி கட்டம் பாதி நிரம்பித் தெரிவதைக் கண்டு பயப்படாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், இப்போதுதான் உங்களைக் குழுவில் சேர்த்தார்கள் என்றால் உங்கள் கணினியில் ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். குழு விவரம் உள்நுழையும்போதுதான் எடுக்கப்படுகிறது. அதன் பிறகும் மறுத்தால் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறங்கள். ஃபோல்டர் இருக்கும் கணினியின் பெயரில் எப்போதோ கொடுத்த வேறு பயனர்பெயர் அங்கே சேமிக்கப்பட்டிருக்கலாம், நீங்கள் இத்தனை நேரம் அந்தப் பெயரில்தான் உள்ளே போய்க்கொண்டிருப்பீர்கள். அதை நீக்கிவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து, சரியான பயனர்பெயரோடு மறுபடி முயலுங்கள்.